"உன்ர போனில் கைரோ இருக்கோ?": மல்லாவியில் வி.ஆர். பெட்டி கட்டிய அனுபவம்

போனை உள்ளே செருகி, கண்ணுக்கு முன்னால் மாட்டி வில்லைகளுக்குள்ளால் பார்த்தால், காட்சிக்குள்ளேயே நிற்கிற மாதிரித் தெரியவைப்பது வி.ஆர். பெட்டி, அதாவது மெய்நிகர் பெட்டி. அதைக் கட்டக் கடைக்கு வருகிற பெடியள் முதலில் கேட்பது வில்லையைப் பற்றித்தான். "அண்ணை, எந்த லென்ஸ் போட்டால் பெரிசாத் தெரியும்?" நான் திருப்பிக் கேட்பது வேறு. "உன்ர போனில் கைரோ இருக்கோ?" அநேகமானவர்கள் முழிப்பார்கள். கைரோ என்பது போன் எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று உணரும் சின்ன மின்னணுச் சில் (சிப்). படத்தைப் பெரிதாகக் காட்டுவதில் அப்படியொன்றும் பெரிய வித்தை இல்லை. பார்ப்பவரின் தலை இப்போது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கருவிக்குத் தெரிவதில்தான் முழுக் கஷ்டமும் இருக்கிறது. மெய்நிகர் உலகத்தின் பழைய கதைகளைப் படித்தால், அந்தக் காலத்தில் பெரிய பல்கலைக்கழகங்களில் இருந்தவர்களும் இதே இடத்தில்தான் முட்டுப்பட்டு நின்றிருக்கிறார்கள்.

இலங்கையின் வடக்கே, முல்லைத்தீவு மாவட்டத்தில் இருக்கிற மல்லாவியில் நான் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். திரை மாற்றுவது, சார்ஜ் ஏறும் இடத்தை மாற்றி ஈயம் வைப்பது, தண்ணீரில் விழுந்ததைக் காயவைப்பது, இவைதான் அன்றாட வேலை. துணுக்காய்ப் பக்கத்தில் உயர்தரம் படித்த பெடியன் ஒருவன் கூகுள் காட்போட் என்ற மட்டை வி.ஆர். பெட்டியின் படத்தைக் காட்டி "இதை நாங்களே வெட்டலாமோ?" என்று கேட்டது தொடக்கம். அப்புறம் அவனுடைய கூட்டாளிகள் வந்தார்கள். பிறகு கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிற பிள்ளைகள் சிலரும் பழைய போன்களில் இருந்து சாமான் கழற்ற வந்து சேர்ந்தார்கள். மாலையில் கடையின் பின்பக்கத் தகரக் கொட்டில் ஒரு சின்ன ஆய்வுகூடம் மாதிரி ஆகிவிடும்.

சரி, வில்லையில் இருந்தே தொடங்குகிறேன், எல்லோரும் அதைத்தானே கேட்கிறார்கள். கூகுளின் முதல் அட்டைப் பெட்டியில் இருந்த வில்லையின் குவியத்தூரம் 45 மில்லிமீற்றர். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் இருக்கிற கைவில்லை பெரும்பாலும் 10 சென்ரிமீற்றர் அல்லது அதற்கு மேல். அதைப் போட்டால் படம் தெரியும், ஆனால் ஓர் ஓட்டைக்குள்ளால் எட்டிப் பார்க்கிற மாதிரித்தான் இருக்கும். காரணம் கணக்கில் இருக்கிறது. போன் திரையின் பாதி 60 மில்லிமீற்றர் அகலம் என்று வையுங்கள். 45 மில்லிமீற்றர் வில்லை அதை ஏறக்குறைய 67 பாகைக்கு விரித்துக் காட்டும். 100 மில்லிமீற்றர் வில்லையில் அது 33 பாகைதான். பெட்டியும் நீண்டு, மூக்குக்கு முன்னால் கனத்துத் தொங்கும்.

அப்பப்பாவின் வெள்ளெழுத்துக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்த பிள்ளைகளும் உண்டு. அது 2.5 வலு என்றால் குவியத்தூரம் 40 சென்ரிமீற்றர். நமக்கு வேண்டியது கிட்டத்தட்ட 22 வலு. கண்ணாடியைத் திரும்பக் கொண்டுபோய் வைக்கச் சொல்லி அனுப்பினேன்.

கையில் கிடைத்த வில்லை என்ன அளவென்று தெரியாவிட்டால் முற்றத்தில் நின்று தூரத்துப் பனையின் உருவத்தை வெள்ளைத் தாளில் விழுத்தி, தாளுக்கும் வில்லைக்கும் இடையே அடிமட்டத்தை வைத்துப் பாருங்கள். சாதாரண தரத்தில் செய்த அதே பரிசோதனைதான். போன் திரை அந்தத் தூரத்தில், அல்லது அதைவிட ஒரு மயிரிழை கிட்ட, இருக்க வேண்டும். அதற்கு அப்பால் போனால் எவ்வளவு நல்ல திரையும் கலங்கித்தான் தெரியும்.

வில்லையைவிட அதிகமாகப் பிசகுவது இரண்டு வில்லைகளுக்கும் இடைப்பட்ட தூரம். வளர்ந்தவர்களுக்குக் கண்மணிகளுக்கு இடையில் சராசரியாக 63 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். ஆளுக்காள் 10 மில்லிமீற்றர் கூடிக் குறையலாம், பிள்ளைகளுக்கு இன்னும் குறைவு. ஒரே அளவில் துளை வெட்டினால் பாதிப்பேருக்குத் தலையிடி வரும். நாங்கள் வில்லைகளைத் தனித்தனி அட்டைத் துண்டுகளில் பொருத்தி, அந்தத் துண்டுகள் பக்கவாட்டில் நகர்கிற மாதிரிக் காடி விட்டோம். வைத்துப் பார்ப்பவரே இரண்டு விரலால் தள்ளிச் சரிப்படுத்திக்கொள்வார். இதைவிட இலகுவான திருத்தம் வேறெதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

பெட்டிக்குப் பிஸ்கற் மட்டை போதாது, வியர்வையில் ஊறிவிடும். குளிர்சாதனப் பெட்டி வருகிற தடித்த மட்டைதான் சரி. முகத்தில் படும் விளிம்புக்கு ரெஜிபோம் வைத்தால் உரசி உரசித் துகளாகி வில்லையில் ஒட்டும், பழைய செருப்பின் மெத்தையான அடிப்பாகம் அதைவிட நல்லது. உள்பக்கம் கட்டாயம் கறுப்பாக இருக்க வேண்டும், அதுவும் மினுக்கம் இல்லாத கறுப்பு. கரும்பலகைக்குப் பூசுகிற பூச்சுத்தான் நாங்கள் பயன்படுத்தியது. மினுங்கும் கறுப்பில் திரையின் வெளிச்சம் பட்டுத் தெறித்து, இருட்டான காட்சியெல்லாம் சாம்பல் நிறமாகிவிடும்.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்து முதற் பெட்டியைக் கட்டி அந்தப் பெடியனின் போனைச் செருகினோம். படம் அருமையாகத் தெரிந்தது. தலையைத் திருப்பினான், படம் அப்படியே நின்றது. பிறகு திடீரென்று துள்ளி வேறெங்கோ போனது. அவனுடைய போனில் கைரோ இல்லை. ஆர்முடுகலை, அதாவது வேகம் மாறுவதை, உணரும் சில்லும் திசைகாட்டியும் மட்டும் இருந்தன. அவை இரண்டையும் வைத்து ஒப்பேற்றப் பார்த்தால் படம் நடுங்கும். விலை குறைந்த போன்களில் கம்பனிகள் முதலில் கைவைப்பது இந்தச் சில்லில்தான், வாங்குகிறவர் யாரும் அதைத் தேடுவதில்லை. சோதிப்பது சுலபம்: யூடியூப்பில் ஏதாவது ஒரு 360 பாகைக் காணொளியைப் போட்டுப் போனைப் பிடித்தபடி உடம்போடு திரும்புங்கள். காட்சியும் வழுக்கிக்கொண்டு கூடவே திரும்பினால் கைரோ இருக்கிறது. விரலால் இழுத்தால்தான் நகரும் என்றால் பெட்டி கட்டும் வேலையைத் தொடங்க வேண்டாம்.

வேறு போன் தேடிய நாட்களில்தான் இதன் வரலாற்றை ஆளுக்காள் வாசித்துக் கதைக்கத் தொடங்கினோம்.

இரண்டு கண்ணுக்கும் இரண்டு படம் காட்டினால் ஆழம் தெரியும் என்பதை 1838இல் கருவியாகச் செய்து காட்டியவர் சார்ள்ஸ் வீட்ஸ்டன். உயர்தரப் பௌதிகவியலில் பிள்ளைகளை வியர்க்க வைக்கும் வீட்ஸ்டன் பாலத்துக்குப் பெயர் கொடுத்த அதே ஆள். அவருடைய கருவியில் வில்லை இல்லை, சாய்த்து வைத்த இரண்டு கண்ணாடிகள்தான். புகைப்படமே பிறந்துகொண்டிருந்த காலம் என்பதால் கையால் வரைந்த கோட்டுப் படங்களை வைத்துக் காட்டினார். வில்லை வைத்த பெட்டி டேவிட் புரூஸ்டரிடம் இருந்து பிறகு வந்தது. ஆக நாங்கள் மட்டையில் வெட்டியதில் பாதி 19ஆம் நூற்றாண்டுச் சாமான்.

அதிலிருந்து நூறு வருடங்களுக்கு மேல் தாண்டினால் மோர்ட்டன் ஹைலிக். திரைப்பட ஒளிப்பதிவாளர். 1960இல் தலையில் மாட்டும் முகமூடி ஒன்றுக்குக் காப்புரிமை எடுத்தார், 1962இல் சென்சோராமா என்ற பெரிய பெட்டிக்கு. பெட்டிக்குள் தலையை வைத்தால் முப்பரிமாணப் படம், காற்று, வாசனை, ஆடும் இருக்கை எல்லாம் உண்டு. மோட்டார் சைக்கிளில் நகரத்துக்குள் போகிற காட்சி ஓடும். காசு போட ஆள் இல்லாமல் அது அப்படியே நின்றுபோனது. எங்கள் பிள்ளைகளுக்கு வாசனைதான் பிடித்திருந்தது. எனக்குப் பட்டது வேறு: இத்தனை செய்த மனிதருடைய பெட்டியிலும் தலையைத் திருப்பினால் படம் திரும்பாது. எடுத்த படம் எடுத்தபடியே ஓடும்.

தலையோடு படத்தையும் திரும்ப வைத்தவர் அமெரிக்கக் கணினி விஞ்ஞானி ஐவன் சதர்லாந்து. 1968இல், மாணவர் பொப் ஸ்ப்ரௌலோடு சேர்ந்து. பழைய ரீவிகளில் இருந்த படக்குழாய் மாதிரியான இரண்டு சின்னக் கதோட்டுக் கதிர்க் குழாய்களைத் தலையின் இரு பக்கமும் வைத்து, பாதி ஊடுகாட்டும் கண்ணாடிகளால் படத்தைக் கண்ணுக்குக் கொண்டுவந்தார். வெறும் கம்பிக் கோட்டுச் சதுரங்கள்தான் தெரியும், சுற்றியுள்ள அறைக்கு மேலேயே அவை மிதக்கும். தலை எங்கே இருக்கிறது என்று அறிய, கூரையில் இருந்து தொங்கும் ஓர் இயந்திரக் கையைத் தலையோடு பிணைத்தார். தலை அசைய அசையத் தண்டும் மூட்டுகளும் அசையும், அதை அளந்து கொம்பியூட்டர் படத்தை மாற்றும். சுமார் 6 அடி குறுக்களவும் 3 அடி உயரமும் கொண்ட வெளிக்குள்தான் தலையை நகர்த்தலாம். பாரமானது, போட்டிருக்க வசதியில்லை என்று அவரே எழுதினார். அதனால் இன்னொரு வழியையும் முயன்றார்: தலையில் மூன்று மீயொலி (காதுக்குக் கேட்காத ஒலி) அனுப்பிகள், கூரையில் நான்கு வாங்கிகள்.

படத்தைக் காட்டும் பக்கத்துக்கு ஒரு வழி, தலையைப் பின்தொடரும் பக்கத்துக்கு இரண்டு வழி என்று அந்த மனிதர் மினக்கெட்டிருப்பதைப் பார்த்தபோதுதான் எங்கள் போன் படம் துள்ளியதில் எனக்கிருந்த எரிச்சல் குறைந்தது.

1980களின் நடுப்பகுதியில் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் மைக் மக்கிரீவி குழு செய்தது பழுதுபார்ப்பவன் கண்ணுக்கு மிகவும் பிடித்த வேலை. கடையில் விற்கிற கையடக்க ரீவியின் திரைகளைக் கழற்றி, எரிக் ஹவ்லற் முப்பரிமாணப் புகைப்படங்களுக்காக உருவாக்கிய அகலக்கோண வில்லைகளுக்குப் பின்னால் வைத்தார்கள். திரை மட்டமானது, புள்ளிகள் எண்ணக்கூடிய அளவில் பெரிதாகத் தெரியும். ஆனால் மலிவு. தலையைப் பின்தொடர மட்டும் காந்தப்புலத்தால் இயங்கும் விலை கூடிய கருவி ஒன்றை வாங்க வேண்டியிருந்தது. உலோகம் பக்கத்தில் இருந்தால் அந்தக் காந்தக் கருவி பிசகும். தகரக் கொட்டிலில் வேலை செய்கிற எங்களுக்கு இது முக்கியமான செய்தி, கீழே வருகிறேன்.

கையுறைக் கதை தனி. தோமஸ் சிம்மர்மான் இல்லாத கிற்றாரை வாசிக்கிற மாதிரிக் கையசைத்து இசை வரவைக்க ஆசைப்பட்டு, விரல் மடிவதை ஒளியால் அளக்கும் கையுறை செய்தார். ஜாரன் லனியரின் வி.பி.எல். நிறுவனம் அதைப் பெரிய கருவியாக்கிப் பல ஆயிரம் டொலருக்கு விற்றது. 1989இல் மட்டெல் நிறுவனம் அதே எண்ணத்தை நின்டெண்டோ விளையாட்டுக்கான பவர் குளோவ் என்ற பொம்மையாக்கி 75 டொலர் அளவில் விற்றது. விலை எப்படி இறங்கியது? ஒளிக் குழாய்களை எடுத்துவிட்டு, மின்கடத்தும் மை பூசிய பட்டைகளை வைத்தார்கள். சின்ன விரலுக்கு உணரியே இல்லை. மற்ற விரல்களுக்கும் நான்கு படிதான்: நீட்டியது, கொஞ்சம் மடித்தது, இன்னும் மடித்தது, பொத்தியது. கை எங்கே இருக்கிறது என்பதற்குக் கையுறையில் இரண்டு மீயொலி அனுப்பிகள், ரீவியின் மேல் மூன்று வாங்கிகள். சதர்லாந்தின் கூரையில் இருந்த யோசனை இருபது வருடத்தில் பொம்மைக் கடைக்கு வந்துவிட்டது.

விளையாட்டுப் பொருளாக அது எடுபடவில்லை. வீட்டுக் கொட்டில்களில் வேலை செய்தவர்கள் அதை விடவில்லை. வயரை வெட்டிக் கொம்பியூட்டரின் பிரின்டர் துளையில் இணைத்தார்கள். சேகா நிறுவனம் தன் விளையாட்டுக்காக விற்ற, இரு கண்ணையும் மாறி மாறி மறைக்கும் கண்ணாடியையும் சேர்த்தார்கள். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் டேவ் ஸ்டாம்பும் பேர்னி ரோலும் 1990களின் தொடக்கத்தில் ரென்ட்386 என்ற மென்பொருளை எழுதி இலவசமாகக் கொடுத்தார்கள். ஒரு 386 கொம்பியூட்டர், ஒரு பொம்மைக் கையுறை, ஒரு பொம்மைக் கண்ணாடி. அவ்வளவுதான் ஒரு மெய்நிகர் உலகம்.

அதே வருடங்களில் இங்கே யுத்தம், மின்சாரம் இல்லை. பற்றரியும் மண்ணெண்ணெயும் அரசின் பொருளாதாரத் தடைப் பட்டியலில் இருந்தன. மாமா சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்ற, டைனமோவில் வரும் மின்னில் றேடியோ செய்தி சொல்லும். சுற்றுகிறவர் களைத்தால் கசற்றில் பாடுபவரின் குரல் தடித்துத் தொய்யும். ரோச் பற்றரியை வெயிலில் காயவைத்து இன்னொரு தடவை எரிய வைப்பார்கள். தடை எங்களுக்குக் கெட்டித்தனம் கற்பித்தது என்று மேடையில் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சில் விருப்பமில்லை, பெடல் சுற்றிய கைக்குத்தான் அதன் நோவு தெரியும். ஆனால் ஒரு பழக்கம் மிஞ்சியது உண்மை. ஒரு சாமான் எதற்காகச் செய்யப்பட்டது என்பதைப் பார்க்காமல், அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பது. ரென்ட்386 காரர்களைப் பற்றி வாசித்தபோது அந்த ஆட்கள் எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை.

இனி எங்கள் இரண்டாவது பெட்டிக்கு வருகிறேன். இது போன் இல்லாதது, மடிக்கணினியோடு இணைவது. 2012இல் பாமர் லக்கி என்ற இளைஞர், பொதுமக்களிடம் இணையத்தில் காசு திரட்டும் கிக்ஸ்டார்ட்டரில் 250,000 டொலர் கேட்டு 24 இலட்சத்துக்கும் மேல் பெற்ற ஒக்குலஸ் ரிஃப்ட் என்ற வி.ஆர். தலைக்கருவியின், மென்பொருள் எழுதுவோருக்காக வந்த முதற் பதிப்பில் 7 அங்குலத் திரை ஒன்றுதான் இருந்தது. போன்களும் ரப்லெற்களும் பெருகியதால் அந்த அளவுத் திரைகளும் அசைவுச் சில்லுகளும் மலிந்திருந்தன. என் கடையிலோ செத்த ரப்லெற்கள் ஒரு பெட்டி நிறைய.

இங்கே முதல் பாடம்: செத்த ரப்லெற்றின் திரையை எடுத்து மடிக்கணினியின் படத்தைத் திரைக்கு மாற்றிக் கொடுக்கும் எச்.டி.எம்.ஐ. பலகை ஏதாவது ஒன்றில் செருக முடியாது. சில திரைகள் எல்.வி.டி.எஸ். வகை, சில மிப்பி வகை. நாடா அகலம் ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே கதைக்கும் முறை வேறு. திரையின் முதுகில் இருக்கிற இலக்கத்தை எழுதிக்கொண்டு, அந்த இலக்கத்துக்கென்று சொல்லி விற்கிற பலகையைத்தான் வாங்க வேண்டும். கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கிடைக்கும், கிடைக்காவிட்டால் சீனாவில் இருந்து வரவழைத்துக் காத்திருக்க வேண்டும். பலகையின் விலையைப் பார்த்தால் திரை சும்மா கிடைத்ததில் பெரிய இலாபம் இல்லை என்றும் படலாம்.

தலைக்கு எம்.பி.யு.-6050 என்ற சில் உள்ள சின்னப் பலகை. கைரோவும் ஆர்முடுகல் உணரியும் ஒன்றாக இருக்கும், நான்கு வயர் போதும். அதை ஆர்டுயினோ என்ற, நாங்கள் எழுதும் சிறு நிரலை ஓட்டுகிற சின்னக் கட்டுப்பாட்டுப் பலகையோடு இணைக்கலாம். ஆனால் பள்ளிக்கூடங்களில் இருக்கிற ஊனோ வகையை வாங்க வேண்டாம், புரோ மைக்ரோ வகையை வாங்குங்கள். அது கொம்பியூட்டரிடம் தன்னை ஒரு மவுஸ் என்று சொல்லிக்கொள்ளும். தலை திரும்பினால் மவுஸ் நகர்ந்ததாக விளையாட்டு நினைக்கும். கொம்பியூட்டர் பக்கத்தில் தனி மென்பொருள் எழுதவே தேவையில்லை. கைரோவின் வீச்சைச் செக்கனுக்கு 250 பாகையில் விட்டுவிடாமல் 500இல் வையுங்கள், யாராவது கூப்பிட்டால் நாங்கள் தலையை வெட்டித் திருப்புகிற வேகம் அப்படி.

அப்புறம் பார்க்கத் தொடங்குவீர்கள், தலையை அசைக்காமலே உலகம் மெல்ல மெல்ல ஒரு பக்கம் நகரும். கைரோ சும்மா கிடக்கும்போதும் ஒரு சின்ன அளவைச் சொல்லிக்கொண்டே இருக்கும். செக்கனுக்கு அரைப் பாகைதான் என்றாலும் ஒரு நிமிடத்தில் 30 பாகை, மூன்று நிமிடத்தில் நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பீர்கள். மருந்து இதுதான்: தொடங்கும்போது பெட்டியை மேசையில் அசையாமல் வைத்து, அந்தப் பொய் அளவின் சராசரியை எடுத்துப் பிறகு எப்போதும் கழித்துவிடுவது. இதை எல்லா வழிகாட்டிகளும் சொல்லும். வழிகாட்டிகள் அதிகம் சொல்லாதது, இந்தப் பொய் அளவு வெப்பத்தோடு மாறும் என்பது. காலையில் சரிப்படுத்திய பெட்டி, வைகாசி மாத மத்தியானம் தகரத்துக்குக் கீழே வேறு பெட்டி. மின்னைக் கொடுத்து, சில் சூடேறி நிலைக்கும்வரை சில நிமிடம் விட்டு, அதன் பிறகுதான் சராசரி எடுக்க வேண்டும். பெடியளுக்குப் பொறுமை இருக்காது. அந்தச் சில நிமிடத்துக்குத் தேத்தண்ணி குடிக்கச் சொல்லுவேன்.

மேலே கீழே பார்ப்பதைப் புவியீர்ப்பு காப்பாற்றும். ஆர்முடுகல் உணரிக்குக் கீழ் எது என்று தெரியும், அதை வைத்துப் பிசகைத் திருத்தலாம். இடம் வலத்துக்கு அப்படி ஒரு துணை இல்லை, திசைகாட்டி வேண்டும். திசைகாட்டிச் சில் ஒன்றையும் வாங்கிப் பூட்டினோம். கொட்டிலுக்குள் அது சொன்ன வடக்கு ஒவ்வொரு மூலையிலும் வேறு வேறு. தகரமென்று நாங்கள் சொல்வது நாகம் பூசிய இரும்புதானே, அது காந்தப்புலத்தை வளைக்கிறது. நாசாக்காரரின் காந்தக் கருவிக்கு உலோகம் ஆகாது என்று வாசித்தது அப்போதுதான் உறைத்தது. வேப்பமரத்தடியில் கதிரை போட்டுப் பார்த்தபோது சரியாக வேலை செய்தது. அங்கேயும் யாராவது மோட்டார் சைக்கிளைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினால் வடக்கு கொஞ்சம் அசையும். கடைசியில் திசைகாட்டியைக் கழற்றிவிட்டு, ஒரு பொத்தானை வைத்தோம்: அழுத்தினால் இப்போது பார்க்கிற பக்கமே முன்பக்கம். மானத்தை விட்டுச் சொன்னால் இதுதான் எல்லாவற்றிலும் நல்ல தீர்வு.

2014இல் கூகுள் கொடுத்த முதல் அட்டைப் பெட்டியின் பக்கத்தில் ஒரு காந்தம் பொத்தானாக இருந்தது. அதை இழுத்தால் போனின் திசைகாட்டி அந்த மாற்றத்தை உணர்ந்து, அழுத்தியதாக எடுத்துக்கொள்ளும். கெட்டிக்கார யோசனை, ஆனால் திசைகாட்டியே குழம்பிப்போகும். அடுத்த வருடப் பதிப்பில் திரையைத் தொடும் ஒரு நெம்புகோலாக மாற்றிவிட்டார்கள். நீங்கள் கட்டும் பெட்டியிலும் காந்தம் வேண்டாம்.

பாரத்தைப் பற்றி ஒன்று. 7 அங்குலத் திரையும் பலகையும் முன்னால் இருந்தால் கழுத்து நோகும். பவர் பாங்கைப் பிடரிப் பக்கம் கட்டுங்கள். மொத்தப் பாரம் கூடினாலும் தலைக்கு இலேசாகத் தெரியும்.

கையுறையும் செய்தோம். சில்லுகள் குத்தி வருகிற கறுப்பு நிற மின்கடத்தும் பஞ்சைப் பட்டையாக வெட்டி, இரண்டு பக்கமும் செப்புத் தகடு வைத்து, சுற்றிச் செலோரேப் ஒட்டி விரலின் மேல் தைத்தால், விரல் மடிய அமுங்கி மின்தடை குறையும். 10 ஆயிரம் ஓம் தடையி ஒன்றோடு தொடராக இணைத்து நடுவில் அளக்கலாம். வருகிற எண்ணை நம்பித் துல்லியமாக விரலை வரைய முயன்றால் பைத்தியம் பிடிக்கும். வியர்வைக்கு ஒரு அளவு, காற்றோட்டத்துக்கு ஒரு அளவு காட்டும். பவர் குளோவ் நான்கு படியோடு நிறுத்தியதன் அருமை அப்போது தெரிந்தது. நாங்களும் நான்கு படிக்கு இறக்கினோம். பொத்துவதும் சுட்டுவதும் ஒழுங்காகப் பிடிபட்டன.

போட்டுப் பார்ப்பவர்களுக்குத் தலைசுற்றும், சிலருக்குச் சத்தி வருகிற மாதிரி இருக்கும். தலை திரும்பியதற்கும் படம் திரும்புவதற்கும் இடையில் 20 மில்லிசெக்கனுக்கு மேல் பிந்தினால் உணர்வு குழம்பத் தொடங்கும் என்பது இந்தத் துறையில் பொதுவாகச் சொல்கிற அளவு. பழைய போனும் பழைய மடிக்கணினியும் அதைத் தாண்டித்தான் நிற்கும். ஆகவே சுழலாத கதிரையில் இருத்துங்கள். ஓடுகிற வாகனக் காட்சியைக் காட்ட வேண்டாம், நின்ற இடத்தில் சுற்றிப் பார்க்கிற காட்சியைக் காட்டுங்கள். முகம் வெளிறினால் உடனே கழற்றுங்கள். "கொஞ்சம் பொறுங்கோ, பழகிடும்" என்று சொல்வது தவறு. சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு காட்சியோடு போதும்.

வெயிலைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஒருமுறை ஒருவர் திரையில் இரண்டு பழுப்புப் பொட்டு விழுந்த போனைத் திருத்தக் கொண்டுவந்தார். பொட்டு இரண்டும் ஒரே உயரத்தில், கண்ணிரண்டின் இடைவெளியில். "வி.ஆர். பெட்டி வைச்சிருக்கிறியளோ?" என்றேன். எப்படித் தெரியும் என்று ஆச்சரியப்பட்டார். போனோடு பெட்டியை யன்னல் ஓரத்தில், வில்லை வெளியே பார்க்க வைத்துவிட்டிருக்கிறார். பின்னேர வெயிலை வில்லைகள் திரையில் குவித்திருக்கின்றன. ஆபத்தை விளங்க வைக்கத் தாளைக் கருக்கிக் காட்டுகிற பள்ளிக்கூடப் பரிசோதனையே போதும். பார்த்து முடிந்ததும் வில்லைப் பக்கத்தை மூட ஒரு மட்டை மூடி செய்து, நூலால் பெட்டியிலேயே கட்டிவிடுங்கள். போனும் சூடேறினால் தானாகவே வேகத்தைக் குறைக்கும், படம் பிந்தத் தொடங்கும். காலை அல்லது பொழுதுபட்ட பிறகு பாருங்கள்.

காட்ட என்ன இருக்கிறது என்ற கேள்வி பிறகு வரும். இணையத்தில் சுறா மீனும் விண்வெளியும் நிறைய இருக்கின்றன, எங்கள் பிள்ளைகளுக்கு அவை சீக்கிரம் அலுத்துவிட்டன. அறிவியல் நகரில் படிக்கிற ஒருத்தி முறிகண்டிப் பிள்ளையார் கோயில் முன்றலைப் போனாலேயே சுற்றிச் சுற்றிப் படமெடுத்து ஒட்டிக் கொண்டுவந்தாள். இப்படி எடுக்கும்போது போனைக் கையில் நீட்டிப் பிடித்தபடி உடம்பைச் சுற்றக்கூடாது. போன் இருக்கிற இடத்தில் நிற்க, நாங்கள்தான் அதைச் சுற்றி நடக்க வேண்டும். இல்லாவிட்டால் கிட்ட இருக்கிற தூணும் வாசலும் ஒட்டுகிற இடத்தில் உடைந்து தெரியும். நடமாடுகிறவர்களைத்தான் ஒன்றும் செய்ய முடியாது. அயல்வீட்டு ஆச்சிக்கு அதைப் போட்டுவிட்டோம். கும்பிட்டுவிட்டு, மெதுவாகப் பின்னால் திரும்பிப் பார்த்தார். "உந்தக் கச்சான்காரியின்ர மற்றப் பாதி எங்கையடி?" என்றார். இரண்டு படத்துக்கு இடையில் அந்தப் பெண் எழும்பிப் போயிருக்கிறாள்.

ஆழமாகத் தெரிய வேண்டுமென்றால் ஒரே போனில் ஒரு படம் எடுத்து, ஆறு ஆறரைச் சென்ரிமீற்றர் பக்கவாட்டில் நகர்த்தி இரண்டாவது படம் எடுங்கள். அசையாத பொருட்களுக்கு இது போதும். இடது வலது மாறிப் போனால் முன்னால் இருப்பது குழியாகவும் பின்னால் இருப்பது மேடாகவும் தெரியும், கண் கூசும்.

இப்போது கையில் இருக்கிற வேலை, தலை திரும்புவதை மட்டும் அல்லாமல், முன்னே குனிவதையும் பக்கம் சாய்வதையும் பிடிப்பது. கைரோவால் அது முடியாது. 2007இல் ஜொனி லீ என்பவர் நின்டெண்டோவின் வீ விளையாட்டின் கைக்கருவியை ரீவியோடு வைத்து, கண்ணாடியின் இரு பக்கமும் அகச்சிவப்பு விளக்குகளைப் பூட்டித் தலை அசைவைப் பிடித்துக் காட்டினார். கைக்கருவியில் இருந்த அகச்சிவப்புக் கமெராதான் அதில் விசயம். எங்களுக்கு அந்தக் கருவி வேண்டாம். பழைய வெப்கமெராவின் உள்ளே வில்லைக்குப் பின்னால் இருக்கிற சின்னச் செந்நிற மினுக்கக் கண்ணாடியைக் கழற்றினால் அதுவும் அகச்சிவப்பைப் பார்க்கும். விளக்குகளுக்கு ரீவி றிமோட்டுகளின் முன் நுனியில் இருப்பதே போதும். மற்ற வெளிச்சத்தை மறைக்கத்தான் ஒன்று தேவைப்படுகிறது: கழுவிய கலர் பிலிம் சுருளின் நுனியில் முழுக்கக் கறுத்திருக்கும் துண்டு. அது கண்ணுக்குத் தெரியும் ஒளியை மறித்து அகச்சிவப்பை விடும். வேலை செய்யாத றிமோட்டுகள் என்னிடம் நிறையச் சேர்ந்துவிட்டன, பிலிம்தான் தட்டுப்பாடு. துணுக்காய், மாங்குளம் பக்கம் பழைய ஸ்ரூடியோ வைத்திருந்தவர்கள் நெகற்றிவ் பெட்டிகளை எறியப்போனால் கடைக்கு ஒரு சொல் அனுப்புங்கள். படம் உள்ள துண்டு வேண்டாம், அது உங்களிடமே இருக்கட்டும். நுனி மட்டும் போதும்.